லிஃப்ட் கொடுக்கும் ஊரில் ஒரு சைக்கிள்

எனக்கு இனிப்பு நீர் வியாதி. சர்க்கரை இப்படியே ஏறினால் கால் விரல் போய்விடும் என்று கிளினிக் டாக்டரம்மா சொன்ன மறுநாளே சைக்கிள் வாங்கிவிட்டேன். வேலை கீழே ரிங்லெட் டவுனில், காய்கறிக் கடையில். வீடு மேலே, தேயிலை எஸ்டேட் லயத்தில். விரல்கள் மீது எனக்குப் பாசம் அதிகம். ஏற்றத்தை மிதித்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

சாலையோரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சைக்கிள் படம் வரைந்து தனிப்பாதை விட்டிருக்கிறார். அதன் மேல் ஸ்ட்ராபெரிக் கடை, சோளம் அவிக்கும் அண்டா, எங்கள் கடையின் கோஸ் கூடைகள். கூடைகளை அடுக்கியவன் நான்தான்.

கூடையையாவது சுற்றிப் போகலாம். எங்கள் சனத்தின் நல்ல மனதைச் சுற்றிப் போக வழியே இல்லை. மேட்டில் நம்மாள் யாரைப் பார்த்தாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வது எஸ்டேட் வழக்கம். முதல் நாளே, எஸ்டேட் லோரி ஓட்டும் என் மைத்துனன் பிரேக் போட்டான்.

"என்னா மச்சான், மோட்டார் பைக் ரோசாக்கா, கெட்டுப்போச்சா? ஏறுங்க லா!"

"இனிப்பு நீருடா. மிதிக்கணும்."

"அட, வியாதிய வச்சிக்கிட்டா மிதிக்கிறீங்க?"

சைக்கிளைத் தூக்கி லோரியில் போட்டான். களைத்திருப்பேனாம், வழியில் இனிப்புப் பால் கட்டியாக ஊற்றி நுரைக்க ஆற்றிய டீ, ஒரு தே தாரிக் வேறு. மறுநாள் இன்னொருவர், இன்னொரு தே தாரிக். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் கவனித்தேன். இறுக்கமான உடுப்பில் கோலாலம்பூரிலிருந்து வரும் சைக்கிள்காரர்களை யாரும் ஏற்றுவதில்லை. ஒதுங்கி வழி விடுகிறார்கள். நானும் அதே உடுப்பு, ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். தொந்தி தனியாகத் தெரிந்தது. ஆனாலும் ஒரு வண்டியும் நிற்கவில்லை.

ஒரு சாயங்காலம் பாதி ஏற்றத்தில் சங்கிலி அறுந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. நல்லவேளையாக மைத்துனன் லோரி வந்தது. இரண்டு கைகளையும் ஆட்டினேன். லோரி மரியாதையாக ஒதுங்கியது.

"குட் லா, போஸ்!" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போயே போய்விட்டான்.

எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் அன்றைக்குத் தீர்ந்தன. லயம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

அந்தச் சங்கிலியை நான் மாற்றவே இல்லை. காலையில் இறக்கத்துக்குச் சங்கிலி எதற்கு? மாலையில் அதே உடுப்பில் தள்ளிக்கொண்டு ஏறுவேன். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது.

"பாத்தீங்களா அங்கிள், சைக்கிள் ஓட்டுனா எவ்ளோ நல்லதுன்னு?" என்றார் டாக்டரம்மா.

விரல்கள் பத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.