பின் சீட்டுப் பாட்டு

பிசிறு என்ற பெயர் எங்கள் குடும்பத்தின் காதில் முதன்முதலாக விழுந்தது, மூத்தவளை அவருக்குக் கொடுக்கலாமா என்று விசாரிக்கப் போன நாளில்தான். பெண்ணின் அப்பாவும் அத்தையும் யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனி வாசலில் நின்று, பையனின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். கட்டிங்கில் வேலை, ஒல்லியாக இருப்பார், சுருட்டை முடி என்று அத்தை அடையாளம் சொல்லவும், "அட, நம்ம பிசிறா! அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்றார். துணியில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் பையனுக்குப் பொறுக்காதாம். முதலாளி சட்டையே ஆனாலும் கையை நீட்டிப் பிடுங்கிவிடுவானாம்.

"குடிக்கிறானா, சீட்டாடுறானான்னு கேக்க வந்தோம். நூல் பிடுங்குறான்னு சொல்றாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள் அத்தை. கல்யாணம் முடிந்தது.

தவழும் வயதிலேயே தகப்பனை இழந்தவர் பிசிறு. அதனால் மாமனார் கிடைத்ததும் மனுஷன் ஒட்டிக்கொண்டார். மாமனார் நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எந்தக் காரிலும் முன்னால் உட்கார மாட்டார். "முன்னாடி உக்காந்தா கால் தானா பிரேக் மிதிக்குது மாப்ள" என்பார். பின் சீட்டில் இடது ஓரம்தான் அவர் இடம்.

ஞாயிறுதோறும் அவர் ஊரின் மறுகோடியில் இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போவார். முக்கால் மணி நேரப் பயணம். ஒன்பது வருடமாக அவரைக் கூட்டிப் போனது பிசிறின் பழைய கார்தான். பாட்டு ஓடும். பாட்டுக்கு நடுவே மாமனார் கதை சொல்வார், பிரேக் பிடிக்காத பஸ்ஸை மேட்டில் ஏற்றி நிறுத்திய கதை, டிக்கெட் வாங்காமல் வந்த ஆட்டின் கதை. எல்லாம் ஆயிரம் தடவை கேட்டவை. அந்த முக்கால் மணி நேரத்தை மட்டும் பிசிறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்போதுதான் சகலை புதுக் கார் வாங்கினார். இளையவளின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்காரர் என்றால்தான் குடும்பத்தில் தெரியும். ஒரு ஞாயிறு மாமனார் சும்மா அதில் ஏறிப் பார்த்தார். அடுத்த ஞாயிறும் அதிலேயே ஏறினார். மூன்றாவது ஞாயிறு பிசிறு காரைத் துடைத்து வைத்துக் காத்திருக்க, மாமனார் பல்லை இளித்துக்கொண்டு சொன்னார்: "கோவிச்சுக்காத மாப்ள. உன் வண்டியில பாட்டு கரகரன்னு கேக்குது. தம்பி வண்டியில தேன் மாதிரி வருது."

பிசிறு சிரித்தார். துடைத்த துணியை உதறிவிட்டு மாடிக்குப் போனார். மாடி ஜன்னலில் நின்று, அந்தக் கார் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னமோ பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போன மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. "எங்கப்பாதானே போறாரு?"

"உங்கப்பாதான். யாரு இல்லைன்னா?"

லிஃப்டுக்காரர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அந்தப் பாவி நல்லவர். விஷயம் தெரிந்ததும் தானாகவே வந்தார். "அண்ணே, பின்னாடி ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கும். வாங்கி வைங்க, நான் வந்து மாட்டித் தரேன்."

"வேணாம் தம்பி. துணி வெட்டுற கைக்கு நாலு ஸ்க்ரூ கழட்டத் தெரியாதா?" என்றார் பிசிறு.

ஸ்பீக்கர் ஜோடியை வாங்கிக்கொண்டு வந்து, விடுமுறை நாள் ஒன்றில் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். கடைக்காரர் சொன்னதைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தார். முதலில் பின் சீட்டின் அடிப்பகுதியைத் தூக்கினார். அடியில் பார்த்தால், சுருட்டிச் செருகிய பெப்பர்மின்ட் தாள்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கை நிறைய. எல்லாம் மாமனாரின் வேலை. மிட்டாயை வாயில் போட்டுவிட்டுத் தாளைச் சீட்டு இடுக்கில் செருகுவது அவர் வழக்கம். வேறு நாளாக இருந்தால் பிசிறு சிரித்திருப்பார். அன்று அவர் மனதில் ஓடியதெல்லாம் ஒரே நினைப்பு: அந்தப் புதுக் காரின் இடுக்கிலும் இந்நேரம் தாள் சேர ஆரம்பித்திருக்குமே.

சாய்மானத்தின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, அதை மேல்நோக்கித் தூக்கி எடுத்தார். பக்கத் தூண்களின் பிளாஸ்டிக் உறையை நெம்பியபோது ஒரு கிளிப் டிக்கென்று ஒடிந்தது. பின்கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையை, அதில் நுழைந்திருந்த சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டி வெளியே இழுப்பதற்குள் முதுகு விட்டுப்போனது. பழைய ஸ்பீக்கரின் காகிதம் விரல் பட்டதும் சருகாக உதிர்ந்தது. 'இதை வச்சுக்கிட்டா ஒன்பது வருஷம் அவரை ஏமாத்தினோம்' என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டார்.

புது ஸ்பீக்கர் ஒவ்வொன்றிலும் ஒயர் சேர்க்க இரண்டு தகடுகள். ஒன்றில் பிளஸ், மற்றதில் மைனஸ். கோடு போட்ட ஒயர் பிளஸ்ஸுக்கு என்று துண்டுச்சீட்டில் எழுதியிருந்தது. இடது பக்கம் அப்படியே செய்தார். அங்கே பிளஸ் தகடு ஜன்னல் பக்கமாக இருந்தது. வலது பக்கம் வந்தபோது துண்டுச்சீட்டைப் பார்க்கவில்லை. முப்பது வருடத் தொழில் கையைப் பிடித்துக்கொண்டது. சட்டையின் இடது முன்பாகமும் வலது முன்பாகமும் ஒன்றை ஒன்று பார்த்த மாதிரிதான் வெட்ட வேண்டும். ஒரே பக்கமாக இரண்டை வெட்டுகிறவனை மாஸ்டர் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். இடப்பக்கம் கோடு போட்ட ஒயர் ஜன்னலோரம் போனதால், வலப்பக்கமும் ஜன்னலோரத் தகட்டிலேயே அழகாகச் சேர்த்தார். அது மைனஸ் தகடு.

எல்லாவற்றையும் மாட்டி முடித்து, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். கரகரப்பு இல்லை. தொடையில் தாளம் தட்டினார். பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரை வம்படியாக இழுத்து வந்து ஏற்றினார். லிஃப்டுக்காரரும் குடும்பத்தோடு பின்னால் தன் காரில் வந்தார். இரண்டு பாட்டு முடிந்தது. மாமனாரிடமிருந்து கதை எதுவும் வரவில்லை.

"எப்படி இருக்கு மாமா?"

"நல்லாத்தான் இருக்கு மாப்ள..." என்று இழுத்தார் கிழவர். "பாடுறவன் எங்க நிக்கிறான்னுதான் தெரியல. பக்கத்து வீட்டுல, கதவைச் சாத்திக்கிட்டுப் பாடுறான் போல."

திரும்பும்போது மாமனார் லிஃப்டுக்காரரின் காரில் ஏறிக்கொண்டார். அந்தப் பக்கம் போனால் பேரப்பிள்ளையோடு விளையாடலாமாம். மனைவியும் தங்கையோடு பேச அதிலேயே போய்விட்டாள். பிசிறு தனியாக வந்தார். பாதி வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்தி, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் காரின் பின் சீட்டில் உட்கார்ந்தார். கிழவர் சொன்னது நிஜம். பாட்டில் சதை இல்லை, எலும்புதான் இருந்தது. இடதை மட்டும் ஓடவிட்டால் நன்றாக இருந்தது. வலதை மட்டும் விட்டாலும் நன்றாக இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் உள்ளீடற்றுப் போனது.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். நான்காம் நாள் மானத்தை மடித்து வைத்துவிட்டு லிஃப்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"தம்பி, எங்க கம்பெனியில ஒருத்தரு, அவரு வண்டியில..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

லிஃப்டுக்காரர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த ஒருத்தர்கிட்ட சொல்லுங்க அண்ணே, ஒரு பக்கம் ஒயரை மாத்திக் கொடுத்திருப்பாரு. ரெண்டு ஸ்பீக்கரும் காத்தை ஒண்ணா முன்னாடி தள்ளணும். ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுத்தா, ஒண்ணை ஒண்ணு தின்னுடும். ரெண்டு பேரு ஒரு வண்டியை எதிரெதிரா தள்ளுற மாதிரி."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எப்படிப்பா வரும்? இடது வேற, வலது வேற இல்ல?"

"அது சட்டைக்கு அண்ணே" என்றார் லிஃப்டுக்காரர்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார். இருவருமே அதைக் காதில் வாங்காத மாதிரி விட்டுவிட்டார்கள். அதன்பிறகு லிஃப்டுக்காரர் இதை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, பெண்டாட்டியிடம்கூட. எப்போதாவது யாராவது கேலி செய்வார்கள் என்று பிசிறு காத்திருந்து பார்த்தார், நடக்கவில்லை. அந்த நல்ல குணத்தையும் சேர்த்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் பொறாமைப்பட்டார்.

சனிக்கிழமை மறுபடியும் சீட்டு, தூண் உறை, பலகை எல்லாம் இறங்கின. வலது பக்கம் ஒயரை மாற்றிச் சேர்த்துவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்தார். பாடகர் பக்கத்து வீட்டிலிருந்து எழுந்து வந்து, நேராக நெஞ்சுக்கு எதிரே நின்று பாடினார்.

அந்த ஞாயிறு மாமனார் ஏறி ஒரு பாட்டுக் கேட்டார். "அடேங்கப்பா!" என்றார். பிசிறுக்குக் காது குளிர்ந்தது. உடனே கிழவர் ஜன்னலை இறக்கி வெளியே கத்தினார்: "தம்பி, நீயும் இதுலயே வந்துடு. ரெண்டு வண்டி எதுக்கு? வந்து இந்தப் பாட்டைக் கேளேன்!"

லிஃப்டுக்காரர் வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். வழி முழுக்கப் பின்னால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆட்டுக்கு டிக்கெட் போட்ட கதையைக் கிழவர் சகலைக்குச் சொன்னார். பிசிறு முன்னால் தனியாக, டாக்சிக்காரர் போல ஓட்டினார். பாட்டு அவ்வளவு நன்றாக இருந்ததால், கதையில் பாதி அவர் காதில் விழவில்லை.

அடுத்த ஞாயிறு, வண்டி கிளம்பும் நேரத்தில் சாவியை லிஃப்டுக்காரரிடம் நீட்டினார்.

"இன்னைக்கு நீ ஓட்டு தம்பி. எனக்கு முழங்கால் வலிக்குது."

மனைவி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் காரின் ஸ்டியரிங்கை அவர் வேறு கையில் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. பிசிறு பின்னால் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமனார் ஒரு மிட்டாயை அவர் கையிலும் வைத்தார். பஸ் கதை ஒன்றைத் தொடங்கி, இரண்டாவது பாட்டிலேயே தூங்கிப்போனார். கிழவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பிசிறு பார்த்துக்கொண்டே வந்தார். ஜன்னல் பக்கம்தான் சாய்ந்தார். பரவாயில்லை என்று கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவே தன் கைக்குட்டையை மடித்து வைத்தார்.

மாமனார் அதன்பின் ஏழு வருடம் இருந்தார். ஏழு வருடமும் பிசிறுக்கு ஞாயிற்றுக்கிழமையில் முழங்கால் வலித்தது. அந்தப் பழைய காரும் போய்விட்டது. பிசிறுக்கு இப்போது அறுபத்தாறு வயது. கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள் கட்டிங் மேசைக்குப் போகிறார், சகலை வீட்டு மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறார்.