அந்தக் கோரஸ் என்னுடையது

டென்த் கிரேடோடு படிப்பை விட்டவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். அப்படிப்பட்டவன் என்ன கட்டினான் என்பதையும் கேளுங்கள். ஊர் ஊராக வாசிக்கப் போகும் பேண்டுகள் ஏறிப்போகிற வேன்களில் பாதி என்னுடையவை. நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மெத்தைக் கடை மூடிப்போன இடத்தை எடுத்து, சுவருக்குள் பஞ்சை அடைத்து, ப்ராக்டிஸ் ரூம்களாக்கினேன். ஆணி அடித்தது இந்தக் கை. கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் ஒரு கிளை இருக்கிறது. சனி ஞாயிறில் கிட்டார் தூக்குகிற எஞ்ஜினியர்கள்தான் அங்கே என் வாடிக்கை. எந்தப் பேங்கும் என்னை நம்பவில்லை. சொந்தக்காரர் வீட்டு பர்த்டே பார்ட்டிகளில் அண்ணாவையும் என்னையும் காட்டி, "மூத்தது கத்துது, இளையது பெட்டி தூக்குது" என்று சொல்லிச் சிரித்தார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஷோ டிக்கெட் வேண்டுமென்றால் போன் எனக்குத்தான் வருகிறது. எடுக்கிறேன். என்ன செய்வது.

நாற்பது தாண்டிவிட்டேன். இந்தத் தொழிலில் அது கிழவன் வயது. மூக்கில் வளையம் போட்ட வெள்ளைக்காரப் பையன்கள்கூட என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மெட்டல்கோர், போஸ்ட்-ஹார்ட்கோர் என்று கத்திப் பாடுகிற ராக் இசையை அவர்கள் பிரித்துப் பிரித்துப் பேசுவதெல்லாம் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் என் கண் முன்னால் நடந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் வீட்டில் சத்தம் போடக் கூடாது. அம்மா குக்கர் விசில் அடிக்கும் முன்பே அடுப்பை அணைத்துவிடுவார். டிவி உதட்டை மட்டும் அசைக்கும். நானும் அண்ணாவும் சண்டை பிடித்தால்கூடக் குசுகுசுவென்றுதான் பிடிக்க வேண்டும். தமிழர் வீடென்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்பாவை எனக்கு நினைவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே, யாழ்ப்பாணத்தில், அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கு மேல் வீட்டில் பேச்சில்லை.

அண்ணா என்னைவிட எட்டு வயது மூத்தவர். பேச்சு அளந்துதான் வரும். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் விரலைக் காட்டுவார். ஆனால் பள்ளிக்கூடத்து நண்பர்கள் இரண்டு பேருடன், ஒருவன் கிட்டார், ஒருவன் டிரம்ஸ், ஒரு பேண்ட் வைத்திருந்தார். அதில் அண்ணாவின் வேலை கத்துவது. பாட்டு ஆரம்பித்து முடியும் வரை கத்தல்தான். கிட்டார் மேலே ஓடும், பிறகு எல்லாம் ஒரேயடியாக மெதுவாகி, மலை சரிகிற மாதிரி கீழே விழும். அதற்கு பிரேக்டவுன் என்று பெயர். அந்த இடத்தில் அண்ணா கத்தினால் ஹாலில் இருக்கிற பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். எத்தனையோ பேரின் தொண்டையைக் கேட்டுவிட்டேன். அப்படி ஒன்று பிறகு வரவில்லை.

அதற்காக வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. யாரும் பேசிச் செய்ததல்ல, தானாக அமைந்தது. சனிக்கிழமை மத்தியானம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு, தேவார வகுப்புக்குப் போய்விடுவார். நாங்கள் திரும்புவதற்குள் பேஸ்மென்ட் அடங்கிவிடும். அம்மா அண்ணாவைக் கத்து என்றும் சொல்லவில்லை, கத்தாதே என்றும் சொல்லவில்லை. காரை எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

ஒரு பனிக்காலச் சனிக்கிழமை கோயிலில் ஹீட்டர் பழுதாகி, வகுப்பில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலுக்கு வந்தோம். டிரைவ்வேயில் நிற்கும்போதே நிலம் அதிர்வது காருக்குள் தெரிகிறது. அம்மா இன்ஜினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.

"நீ போ, நான் இதுக்குள்ளயே இருக்கிறன்" என்றார்.

வேலையை முடித்துக்கொண்டு நேராகப் படியிறங்கினேன். கீழே பாட்டு நின்று, வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் ஜெர்சியில் புதிதாக ஒரு பழக்கம் பரவிக்கொண்டிருந்தது. பாட்டு முழுவதும் கத்தாமல், கோரஸ் வந்ததும் வாயைத் திறந்து சுத்தமாகப் பாடுவது. அப்படிப் பாடுகிற பேண்டுகளைப் பெண்பிள்ளைகளும் பார்க்க வருகிறார்கள், ரெக்கார்ட் கம்பெனிக்காரனும் வருகிறான். எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றான் கிட்டார்காரன். மெட்டும் வைத்திருந்தான். அண்ணா பாடிப் பார்த்தார். மைக்கில் வந்தது ஒரு மெல்லிய, உடைந்த சத்தம். டிரம்ஸ்காரன் சிரிப்பை அடக்க குச்சியைக் கடித்தான். இப்படியே போனால் பேண்ட் போகும் வழியில் உனக்கு என்ன வேலை இருக்கும் என்று கிட்டார்காரன் கேட்டே விட்டான். அண்ணாவுக்குக் காது சிவந்தது. அந்த பேஸ்மென்டை விட்டால் அவருக்கு வேறு இடமில்லை. அது எனக்குக்கூடத் தெரிந்தது.

அதனால்தான் வாயைத் திறந்தேன். படியில் நின்றபடியே அந்த மெட்டைப் பாடினேன். ஒரு தரம் கேட்டதே போதுமாக இருந்தது. வகுப்பில் மேல் ஸ்தாயியில் மூச்சு விடாமல் நிறுத்தப் பழகியிருந்தேன், கடைசிச் சொல்லை அப்படியே நிறுத்தினேன்.

அண்ணா திரும்பிப் பார்த்தார்.

"ஆர்ரா சொல்லித் தந்தது?"

"கோயில்ல."

"அம்மா எங்க?"

"கார்ல. உள்ள வரமாட்டாவாம்."

அண்ணா தன் மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவைத்தார். டேப் ஓடியது. அண்ணா கத்தினார், நான் பாடினேன், அவர் மறுபடி கத்தினார். முடிந்ததும் அந்த இரண்டு பேரும் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். "நல்லாப் பாடினனி" என்றார் அண்ணா. அண்ணாவுடைய வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காருக்குப் போய் அம்மாவைக் கூட்டிவந்தேன்.

அந்த டேப் சுற்றியது. ரெக்கார்ட் கம்பெனிக்காரன் வந்தான். கோரஸ் அருமை, இதைப் போல இன்னும் செய்யுங்கள் என்றான். பதினொரு வயதுப் பையனை வேனில் ஏற்ற முடியாது என்பதால் வேறு ஊரிலிருந்து ஒரு பாட்டுக்காரனைப் பிடித்தார்கள். அவன் என் டேப்பைப் போட்டுப் போட்டுப் பழகினான். மூச்சு நிறுத்தும் இடம் உட்பட. அண்ணாவின் கத்தல் சுருங்கிச் சுருங்கி, கோரஸுக்கு முன்னால் இரண்டு வரி என்று வந்து நின்றது. பிறகு அந்த இரண்டு வரியையும் பாட்டுக்காரனே கத்திக்கொண்டான். ஒரு சனிக்கிழமை அம்மா கார் சாவியை எடுத்தபோது அண்ணா சோபாவில் இருந்தார்.

"இண்டைக்கு ஆக்கள் வரேல்லையா தம்பி?" என்று அவரைக் கேட்டார்.

"இனி வராயினம்."

அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அன்று பாயசம் வைத்தார். "இப்ப வீடு எவ்வளவு அமைதி, என்ன?" என்று அண்ணாவிடம் கேட்டார். "ஓம் அம்மா" என்றார் அண்ணா. நானும் இரண்டு கப் குடித்தேன்.

அந்த பேண்ட் பெரிதானது. பெயர் சொல்ல மாட்டேன், உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். கத்தலை முழுவதும் விட்டார்கள், பியானோ சேர்த்தார்கள், கண்ணுக்கு மை போட்டார்கள், பிறகு கம்ப்யூட்டர் சத்தம் சேர்த்தார்கள். இப்போது கத்தல் மறுபடி ஃபேஷனாகிவிட்டது என்று சம்பளத்துக்கு ஒரு பையனை வைத்துக் கத்த விடுகிறார்கள். வேன் என்னுடையதுதான்.

அண்ணா டெக்சாஸுக்குப் போனார். வேர்ஹவுஸில் வேலை, தனி அபார்ட்மென்ட். போன் பண்ணினால் நான்தான் பேசுவேன். நாற்பது ஆகும் முன்பே அங்கேயே இறந்துபோனார். எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போலீஸ் கேட்டபோது, அந்த வீட்டில் ஆள் இருந்ததே தங்களுக்குத் தெரியாது என்றார்களாம். அவ்வளவு அமைதியான மனுஷன்.

சாம்பலோடு திரும்பி வரும் விமானத்தில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். அப்பாவைக் கொண்டுபோக வந்தபோது நாங்கள் மூவரும் பின்னறையில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தோமாம். நான் மடியில் தூக்கம். முற்றத்தில் அப்பாவை அடிக்கிற சத்தம். அண்ணா கத்த வாயெடுத்தாராம். அம்மா அவர் வாயைப் பொத்தினார். எல்லாம் ஓய்ந்து வெகுநேரம் வரை கையை எடுக்கவில்லை. எடுத்தபோது அந்தப் பிள்ளை கத்தவுமில்லை, அழவுமில்லை. "அதைத்தான் அவன் கீழ இருந்து கத்தினவன். எனக்குத் தெரியும். கேக்கேலாமத்தான் கோயிலுக்குப் போனனான்" என்றார்.

படியில் நின்று பாடிய பையனுக்கு இது எதுவும் தெரியாது. அண்ணா ஒரு பாட்டுப் பாடுகிறார், அதில் ஒரு பகுதி அவருக்கு வரவில்லை, எனக்கு வருகிறது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

இப்போது அந்த பேண்டின் பழைய ரெக்கார்டுகளை அழகான பெட்டியில் போட்டு மறுபடி விற்கிறார்கள். அந்த பேஸ்மென்ட் டேப்பும் அதில் இருக்கிறது. கத்தியது என்ற இடத்தில் அண்ணாவின் பெயர் இருக்கிறது, அதுவரை சந்தோஷம். கோரஸ் என்ற இடத்தில் பிறகு வந்த பாட்டுக்காரனின் பெயர். பேண்ட் கத்தலிலிருந்து பாட்டுப் பக்கம் திரும்பியது கலிஃபோர்னியாவில் ஒரு ப்ரொட்யூசர் கொடுத்த யோசனை என்று பெட்டிக்குள் இருக்கிற புத்தகத்தில் ஒரு படித்தவர் எழுதியிருக்கிறார்.

யோசனை எவனும் கொடுக்கவில்லை. அது என் தொண்டை. அந்தக் குரல் வந்த பிறகுதான் அண்ணாவின் வாய் மறுபடி மூடியது என்றால், அதையும் சேர்த்தே என் கணக்கில் எழுதுங்கள். இன்னொருத்தன் பெயரில் இருக்க வேண்டாம். அவன் அங்கே இல்லை. நான் இருந்தேன். நான்தான் பாடினேன். என் பெயரைப் போடுங்கள்.