சோடாக் கம்பனியடிக் கல்

அச்சுவேலிச் சந்தையைத் தாண்டினால் சோடாக் கம்பனியடி என்றொரு பஸ் தரிப்பு. இப்போது கம்பனி ஏது? கூரை பறந்துபோன நாலு சுவரும் நடுவில் முளைத்த வேம்பும்தான் மிச்சம். அதை நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. மற்றவர் யாழ்ப்பாணப் பட்டணத்து முஸ்லிம், நான் மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவர். அப்பா வாய் திறக்காமல் சோடா செய்வார். மாமா வாயாலேயே அதை விற்றுத் தீர்ப்பார். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு ஒரேயடியாகக் கலைத்தபோது மாமா குடும்பத்தோடு புத்தளம் போனார். விற்க ஆளில்லாமல் கம்பனி படுத்தது. பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் ஊர்ச் சனசமூக நிலையத்தார் கம்பனிச் சுவருக்கு முன்னால் நினைவுக்கல் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். இரண்டு பேரின் பெயரும் வருமாம். சந்தோசம் தாங்காமல் உடனே புத்தளத்துக்குப் போன் எடுத்தேன்.

"மெய்யாவோ மகள்? என்ரை பெயரையும் போடினமோ?" மாமா கேட்டார். "வாறன். அதைக் கண்ணாலை பாத்திட்டா எனக்குக் காணும்."

எண்பது வயதில், முழங்கால் வருத்தத்தோடு பஸ் ஏறி வந்து இறங்கினார். தோய்த்து அழுத்திய வெள்ளைச் சேர்ட், தொப்பி. முன்வரிசையில் இருத்தினேன். என்னோடு வந்த யாரோ என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் விசாரிக்கவில்லை.

கல்லை மூடியிருந்த சீலையை விலக்கினார்கள். அப்பாவின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்றிருந்தது. மாமாவின் பெயருக்கு முன்னாலும் அதே 'அமரர்'.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சனசமூக நிலையச் செயலாளரை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"அந்த மனிசன் உயிரோடை இருக்கிறார், தெரியாதோ?"

"ஐயோ அக்கா, அவர் எப்பவோ வெளிக்கிட்டுப் போனவர்தானே. இவ்வளவு காலத்துக்கு இருக்கமாட்டார் எண்டு நினைச்சிட்டம்."

"வெளிக்கிட்டுப் போனவரோ? கலைச்சதெண்டு சொல்லும்! ஒருத்தருக்கும் ஒரு போன் எடுத்துக் கேக்கத் தோன்றேல்லையோ?"

அதற்குள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், அமரர்களின் உறவினர் வந்து பூ வைக்கட்டாம். நான் போய் அப்பாவுக்கு வைத்தேன்.

"மற்றவருக்கு ஆரும் வந்திருக்கினமோ?" என்று அறிவிப்பாளர் கேட்டார்.

மாமா கதிரையைப் பிடித்து எழும்பினார். "நான் வந்திருக்கிறன்."

"நீங்கள் அவருக்கு என்ன முறை ஐயா?"

மாமா கல்லடிக்கு நடந்து போனார். தட்டில் இருந்து ஒரு செவ்வரத்தம்பூவை எடுத்தார். கல்லில் தன் பெயரை ஒருதரம் விரலால் தடவிப் பார்த்தார். பூவை அதன் கீழே வைத்தார். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் மாமா யாரென்று விளங்கிய செயலாளர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "பெரிய பிழை விட்டிட்டம் ஐயா. நாளைக்கே அந்தச் சொல்லைக் கொத்தி எடுக்கிறம்."

"விடும் தம்பி," என்றார் மாமா. "பிறகு நான் மெய்யா மவுத்தாகிக் கண்ணை மூடினா, உங்களுக்கு ஆர் வந்து சொல்லப்போறது?"