தர்மிஸியின் இடது முழங்கால்

யான் என்னும் நெல்வயல் ஊரில் பள்ளி வேன் ஓட்டும் தர்மிஸிக்கு வயது நாற்பத்தாறு. அவனுடைய இடது முழங்காலுக்கு மட்டும் எழுபது என்றார் டாக்டர் யாப். அப்படியானால் வலது காலுக்கு என்ன வயது என்று கேட்க நினைத்தான். பக்கத்தில் மனைவி ரொஹைடா உட்கார்ந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டான்.

டாக்டரம்மா திரையில் படத்தைக் காட்டினார். தொடையெலும்பின் முனையில் ஒரு பட்டை தெரிந்தது. அதன் நடுவே ஒரு பள்ளம்.

“இந்தக் குருத்தெலும்புதான் மூட்டுக்கு மெத்தை. உங்களுக்கு இருபது சென் காசு அளவுக்குப் பிஞ்சு போயிருக்கு. இதுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அதனால தானா வளராது. எப்படி ஆச்சு?”

“கிளட்ச் மிதிச்சு மிதிச்சு…” என்று இழுத்தான் தர்மிஸி.

“கிளட்ச் பாவம், அது மேல பழி போடாதீங்க,” என்றாள் ரொஹைடா. “பதினெட்டு வருஷம் சிமெண்டுத் தரையில ஒத்தக் கால்ல பம்பரம் சுத்தினாரு டாக்டர். செப்பாக் தக்ராவ். இவருதான் தெக்கோங்.”

டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. அந்த வட்டாரத்தில் தெக்கோங்குகளின் முழங்கால்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

அரிசி ஆலைக்குப் பின்னால், நெல் காயப்போடுவதற்காகப் போட்ட தளம் அது. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் வலை கட்டுவார்கள், அந்தி மக்ரிப் பாங்கு கேட்டதும் அவிழ்ப்பார்கள். வலைக்கு இருபுறமும் நின்று பந்தைக் காலால் அடிக்கும் ஆட்டம், அணிக்கு மூன்று பேர். தர்மிஸி பின்னால் வட்டத்துக்குள் இடது காலை ஊன்றி நிற்பான். வலை ஓரத்திலிருந்து அவன் கூட்டாளி ஷுஐப் பிரம்புப் பந்தைக் கையால் எறிவான். தர்மிஸியின் உடம்பு முழுவதும் அந்த ஊன்றிய காலின்மேல் திரும்பும், வலது கால் தலைக்குமேல் போய்ப் பந்தை எதிர்ப்பக்கம் அறையும். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் அந்த உதைதான் தெக்கோங்கின் வேலை. மூன்றாவது ஆள் நெட்டை வான். வலைக்கு மேலே குட்டிக்கரணம் போட்டு அடிப்பது அவன் பங்கு.

பந்து எங்கே வேண்டும் என்று தெக்கோங் கையை நீட்டிக் காட்டுவது வழக்கம். தர்மிஸி ஒரு நாளும் காட்டியதில்லை. ஷுஐப் எறிந்தால் பந்து அவன் வலது பாதத்தைத் தேடிக்கொண்டு வரும். சுங்கை பட்டாணி போட்டிக்கு மூன்று பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனதும், கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் திரும்பி வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஒரு முறை பந்து அடுத்த வீட்டு முற்றத்தில் காய்ந்த மிளகாய் முறத்தில் போய் விழுந்தது. எடுக்கப் போன தர்மிஸி அந்த வீட்டுப் பெண் ரொஹைடாவிடம் திட்டு வாங்கினான். அதற்குப் பிறகு தினமும் பந்து அங்கேயே போய் விழுந்தது. தெக்கோங்குக்குக் குறி தப்பிவிட்டது என்று ஊரே சிரித்தது.

முப்பத்தொன்றாவது வயதில் முழங்காலுக்குள் ‘டக்’ என்றது. ஜாதிக்காய் எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள், ஊசி போட்டார்கள். வலி அடங்கினால் ஆடுவான், ஆடினால் வலிக்கும். கடைசியில் ஆட்டம் நின்றது. நோன்புப் பெருநாளின் மூன்றாம் நாள் பழைய ஆட்கள் ஆடும் ஆட்டம் மட்டும் வருடம் தவறாமல் நடந்தது. நான்கு வருடமாக அதில் தர்மிஸிக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் புள்ளி எழுதும் அட்டையும்தான். அந்த நாற்காலியை அவன் எவ்வளவு வெறுத்தான் என்று ரொஹைடாவுக்குத்தான் தெரியும்.

டாக்டர் வழிகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். “ஓட்டை சின்னதா இருந்தா எலும்புல பொடிப்பொடியாத் துளை போடுவோம். மஜ்ஜை ரத்தம் கசிஞ்சு உறைஞ்சு, தழும்பு மாதிரி ஒரு குருத்து வளரும். உங்களுது அதுக்குப் பெருசு. இன்னொண்ணு, அதே முட்டியில உபயோகப்படாத இடத்துலேருந்து குச்சி குச்சியாத் தோண்டி எடுத்து இங்க நடுறது.”

“தொழுவுறேன், குந்துறேன், மண்டி போட்டு வேனுக்கு அடியில போறேன். என் முட்டியில உபயோகப்படாத இடம் எங்க டாக்டர் இருக்கு?”

டாக்டர் சிரித்துவிட்டார். “அதனாலதான் மூணாவது வழி. ஓரத்துலேருந்து ரெண்டு மூணு அரிசி அளவு மட்டும் கிள்ளி எடுப்போம். கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்துல உங்க உயிரணுக்களையே சில வாரம் வளத்து, மெல்லிசான படலத்துல வச்சு இங்க ஒட்டுவோம். ரெண்டு தடவை கத்தி வைக்கணும். இரும்பு மூட்டு வைக்க உங்களுக்கு இன்னும் வயசு ஆகல.”

“நாத்தங்கால் கோலாலம்பூர்ல, நடவு யான்ல,” என்றாள் ரொஹைடா.

“அதேதான். நட்டது வேர் பிடிக்கிற வரைக்கும் வயல்ல கால் வைக்கக் கூடாது. ஆறு வாரம் இந்தக் கால்ல பாரமே போடக் கூடாது. பிஞ்சு போச்சுன்னா மறுபடி நடுறது லேசில்ல.” டாக்டர் பேனாவை எடுத்தார். “இந்த முட்டியை வச்சு மறுபடி என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?”

“கிளட்ச் மிதிக்கணும்,” என்றான் தர்மிஸி.

ரொஹைடா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்வையைச் சுவர்க் காலண்டருக்கு மாற்றிக்கொண்டான். இன்னும் ஒரே ஒரு முறையாவது அந்த வட்டத்துக்குள் நிற்கவேண்டும் என்பதுதான் அவன் ஆசை. வெளியே சொன்னால் டாக்டரே சிகிச்சையை வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயந்தான்.

எல்லாம் சொன்னபடி நடந்தது. வீட்டுக்கு வந்தபின், காலை மெதுவாக மடக்கி நீட்டும் இயந்திரம் ஒன்று அவன் கட்டிலை ஆக்கிரமித்துக்கொண்டது. ரொஹைடாவின் தம்பி வேனை ஓட்டினான். தர்மிஸி இரண்டு ஊன்றுகோல்களோடு பின்வாசலுக்குப் போய், வாய்க்காலையும் அதற்கு அப்பால் அரிசி ஆலைச் சுவரையும் பார்த்துக்கொண்டு நிற்பான். சுவருக்குப் பின்னாலிருந்து பந்துச் சத்தமும் ஷுஐபின் கெட்ட வார்த்தைகளும் வரும். இப்போது பந்து பிளாஸ்டிக், சத்தம் அவ்வளவு நன்றாக இல்லை என்று தனக்குள் குறை சொல்லிக்கொள்வான்.

ஐந்தாவது வாரம் ஒரு சாயங்காலம் பந்து சுவரைத் தாண்டி, வாய்க்காலையும் தாண்டி, நேராக அவனை நோக்கி வந்தது.

யோசிக்க நேரமில்லை. அந்த ஊரில் வளர்ந்த எவனுக்கும் தன்னிடம் வருகிற பந்தைக் கீழே விழவிடத் தெரியாது. கால் எழுந்தது, பந்து பாதத்தில் பட்டது, கோணலாகப் பறந்து வாய்க்காலில் போய் விழுந்தது. அதற்கப்புறம்தான் தர்மிஸிக்குச் சுய நினைவு வந்தது. போச்சு, நட்டதெல்லாம் போச்சு என்று முழங்காலைக் குனிந்து பார்த்தான்.

ஷுஐப் ஆலையைச் சுற்றிக்கொண்டு வந்து வாய்க்காலில் இறங்கினான். முழங்கால் அளவு தண்ணீரில் பந்தைத் துழாவியபடி, “எந்த மடையன்டா இப்படி உதைச்சது?” என்றான்.

“காத்து அடிச்சிருக்கும்.”

ஷுஐப் ஊன்றுகோல்களைப் பார்த்தான், தர்மிஸியின் கால்களைப் பார்த்தான், பந்து விழுந்த இடத்தைப் பார்த்தான். “அப்ப காத்துக்கு எடது காலு போல,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிரவே ரொஹைடாவிடம் ஒப்புக்கொண்டான். மறுநாள் டாக்டர் முன்னால் அவள் அழுதே விட்டாள். டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்தார், மறுபடி படம் எடுக்கச் சொன்னார். படலம் வைத்த இடத்திலேயே இருந்தது.

“எந்தக் கால்ல உதைச்சீங்க?”

“எடது, டாக்டர்.”

“அப்ப பாரம் வலது கால்ல. எடது கால் சும்மா காத்துல வீசியிருக்கு. அதனால பொழைச்சீங்க. வலதுல உதைச்சு இந்த முட்டியைத் திருப்பியிருந்தா எல்லாம் பிஞ்சிருக்கும்.”

வாழ்நாளில் இடது காலால் அவன் பந்தை உதைத்ததே இல்லை. எப்படி எழுந்தது அந்தக் கால் என்று அவனுக்கே விளங்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் மனம் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த வருடப் பெருநாளுக்கும் நாற்காலிதான். பிறகு ஊன்றுகோல் ஒன்றானது, அப்புறம் அதுவும் போனது, கிளட்ச் திரும்பி வந்தது. ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் பள்ளம் நிரம்பியிருந்தது. இனிமேலும் மறைத்தால் பாவம் என்று தர்மிஸி டாக்டரிடம் உண்மையைச் சொன்னான். “வட்டத்துக்குள்ள நிக்கணும் டாக்டர். ஒரே ஒரு தடவை. வலது கால்ல நின்னு எடதுல உதைக்கிறேன்.”

டாக்டர் திரையில் படத்தை மறுபடி ஒரு முறை பார்த்தார். “எடது கால்ல சுழலக் கூடாது, குதிக்கக் கூடாது. முட்டி உயரத்துக்கு மேல உதைக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணு.”

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டபின், ஓரம் பாசி பிடித்த பழைய பேருந்து நிறுத்தத்துச் சுவரில் பந்தை மெதுவாகத் தட்டிப் பழகினான். யாரிடமும் சொல்லவில்லை. ரொஹைடாவுக்குத் தெரியும், அவளும் தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

பெருநாளின் மூன்றாம் நாள். கெத்துப்பாட் என்ற ஓலைப்பொட்டலச் சோறும் கறியும் தின்ற வயிறுகளோடு பழைய ஆட்கள் தளத்தில் கூடினார்கள். நெட்டை வானுக்குத் தொப்பை வலையைத் தொட்டது. தர்மிஸி புள்ளி அட்டையை ரொஹைடா மடியில் வைத்துவிட்டு வட்டத்தை நோக்கி நடந்தான்.

வட்டத்துக்குள் வலது காலை ஊன்றினான். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் ஷுஐப் வலது பக்கம்தான் எறிவான், முதலில் சொல்லிவிட வேண்டும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக இடம் காட்டக் கையைத் தூக்கப் போனான். அதற்குள் பந்து ஷுஐபின் கையை விட்டுக் கிளம்பிவிட்டது. தாழ்வாக, மெதுவாக, நேராக அவன் இடது பாதத்தைத் தேடிக்கொண்டு வந்தது.

உதைத்தான். பந்து வலையின் மேல்கயிற்றைத் தடவி அந்தப் பக்கம் விழுந்தது. எதிராளி எடுத்து ஒரே அடி, புள்ளி போனது. தர்மிஸிக்குக் கண் கலங்கியது. வெளியே வந்து ரொஹைடா பக்கத்தில் நின்றான்.

“நீ அவன்கிட்ட சொன்னியா?”

“இல்லையே. நீங்க சொல்லலையா?”

வலை ஓரத்திலிருந்து ஷுஐப் கத்தினான். “டேய் மிஸி, அன்னிக்கு வாய்க்கால்ல எறங்கிப் பந்தை எடுத்தவன் நான்தானேடா. நேத்துப் பொறந்தவன்னு நெனச்சியா?”