நாங்கள் குடித்துவிட்டுப் போன இளநீர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கிணத்துக்கடவு பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்காக சூலூரிலிருந்து நானும் என் மகளும் காரில் போய்க்கொண்டிருந்தோம். என் கணவருக்குத் தறிக்கூடத்தில் வேலை, வரவில்லை. மகள்தான் ஓட்டினாள். லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வங்கி வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் சரிபார்ப்பு இன்னும் பாக்கி, அது முடிந்து ஆர்டர் வருவதற்காகக் காத்திருந்தாள். எங்கள் சொந்தத்திலேயே பேங்கில் உட்காரப்போகும் முதல் பெண் அவள். வழி நெடுக நான் அந்தப் பெருமையையே பேசிக்கொண்டு போனேன்.

தோப்புகளுக்கு நடுவே ஒரு வளைவு. முன்னால் ஒரு பெரியவர் மொபெட்டின் இரண்டு பக்கமும் இளநீர்க் குலைகளைக் கட்டிக்கொண்டு போனார். அவரைத் தாண்டும்போது மகள் கொஞ்சம் அவசரப்பட்டு இடது பக்கம் ஒடித்துவிட்டாள். காரின் ஓரம் குலையில் பட்டது. அவர் வண்டியோடு சாய்ந்து விழுந்தார். இளநீரெல்லாம் ரோட்டில் உருண்டது.

உடனே நிறுத்திவிட்டு ஓடினோம். அதற்குள் அவரே எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லைங்க அம்மணி, பதறாதீங்க" என்று என் மகளுக்கு ஆறுதல் வேறு சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சியும் கேட்கவில்லை. சிதறிய இளநீரை நாங்களும் சேர்ந்து பொறுக்கிக் கொடுத்தோம். கிளம்பப் போனோம். விடவில்லை மனிதர். "வெய்யல்ல வந்திருக்கீங்க. ஆளுக்கொரு இளநி குடிச்சுப்போட்டுப் போங்க" என்று அரிவாளை எடுத்துவிட்டார். விழுந்தவர் வெட்டிக் கொடுக்க, தள்ளிவிட்டவர்கள் நின்று குடித்தோம். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. அடிபட்டவர் மரியாதைக்கு ஒண்ணுமில்லை என்பார். இடித்தவர் அதை அப்படியே நம்பிக்கொள்வார்.

மகள் தன் போன் நம்பரை எழுதிக் கொடுக்கப் பேனா தேடினாள். நான்தான் அவசரப்படுத்தினேன். "அவரே ஒண்ணுமில்லைன்னுட்டாரு, நேரமாச்சு, வா கண்ணு" என்று அவளைக் காரில் ஏற்றினேன். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பி வரும்போது அதே வளைவுக்குப் பக்கத்தில் மகள் வண்டியை ஓரங்கட்டினாள். ஒரு பெட்டிக்கடை வாசலில் அந்த மொபெட் நின்றுகொண்டிருந்தது. ஆளைக் காணோம். கடைக்கார அம்மாவிடம் விசாரித்தோம். சோடா கேட்டு வந்தவர் வாந்தி எடுத்து, நினைவில்லாமல் சாய்ந்துவிட்டாராம். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதாம், கோயம்புத்தூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம். "ஆரோ கார்க்காரங்க இடிச்சுப்போட்டு நிக்காமப் போயிட்டாங்களாமுங்க. நம்பர் ஆருக்கும் தெரியல. அவரு தம்பி ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப் போயிருக்காரு" என்றார், எங்களையே பார்த்துக்கொண்டு.

மகள் வாயைத் திறக்கப் போனாள். நான் அவள் கையை அழுத்திப் பிடித்துக் காருக்கு இழுத்து வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் என் அண்ணனைக் கூப்பிட்டேன். வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவர். அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "இடிச்சது ஒரு கேசு அம்மணி. சொல்லாம வந்தது இன்னொரு கேசு, அதுதான் பெருசு. அந்தாளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா செயிலுதான். இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள ஸ்டேசன்ல சொல்லிப்போடோணும்." வண்டி எது என்று தெரியாமலே போனால் அரசாங்கம் கொடுக்கும் சொற்பம்தான் அவர்களுக்குக் கிடைக்கும், தெரிந்தால் இன்சூரன்ஸில் வைத்தியத்துக்கும் பிழைப்புக்கும் கேட்கலாம் என்றும் சொன்னார்.

எனக்கு என் மகளின் வேலை மட்டும்தான் கண்ணில் நின்றது. வழக்கு என்று வந்தால் சரிபார்ப்பு என்னாகும்? அப்பா ஓட்டியதாகச் சொல்லிவிடலாம் என்றேன். என் கணவர் மறுபேச்சில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டார். அன்று முழுக்க அவர் தறிக்கூடத்தை விட்டு நகரவில்லை என்பது பத்துப் பேருக்குத் தெரியும். ஆனாலும் கிளம்பிவிட்டார், பாவம்.

மகள்தான் குறுக்கே நின்றாள். "அவரு வெட்டுன இளநியக் குடிச்சது நானுங்கம்மா. அப்பா வந்து எப்படிங்க நிப்பாரு?"

"வேலை போயிரும் கண்ணு" என்றேன்.

"போனாப் போகட்டுங்கம்மா" என்றாள். பயப்படாத பெண் இல்லை அவள். லைசென்ஸையும் இன்சூரன்ஸ் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, ஓட்டப் பயமாக இருக்கிறது என்று சாவியை மட்டும் அப்பாவிடம் கொடுத்தாள்.

ஸ்டேஷனில் பெரியவரின் தம்பி எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். 'அடையாளம் தெரியாத கார்' என்று எழுதியிருந்த அந்தக் காகிதத்துக்கு முன்னால் மகள் போய் நின்று, "அந்தக் காரை ஓட்டுனது நானுங்க சார்" என்றாள். எஸ்.ஐ. அவளை நிமிர்ந்து பார்த்தார். "வழக்கமா நாங்கதாம்மா தேடி அலைவோம்" என்றார். தம்பி சத்தம் போடவில்லை. "மத்தியானமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பதில் அவர் என்னை அடித்தேயிருக்கலாம். "போலாம்னு இழுத்துட்டு வந்தது நானுங்க" என்று அப்போதுதான் எனக்கும் வாய் வந்தது.

வழக்குப் பதிவானது. ஸ்டேஷன் ஜாமீனில் வீட்டுக்கு வந்தோம். அறுவை சிகிச்சை முடிந்து பெரியவர் பேச மூன்று வாரம் ஆனது. அவர் போலீஸிடம் முதலில் சொன்னது, "அந்தப் பொண்ணு நின்னுச்சுங்க. ஆசுபத்திரிக்குங்கூடக் கூப்பிட்டுச்சு, நாந்தான் அனுப்பிச்சேன்" என்பதுதானாம். அதனால் விட்டு ஓடிய குற்றம் அவள் மேல் ஏறவில்லை. கவனக்குறைவாக ஓட்டியதற்கான வழக்கு நடந்து, அபராதத்தோடு முடிந்தது. அவருக்கு இன்சூரன்ஸில் நஷ்டஈடு கிடைத்தது. ஆனால் அவரால் இன்றுவரை வண்டி ஓட்ட முடியவில்லை. உட்கார்ந்த இடத்தில்தான் வியாபாரம். அந்தக் குறை எங்கள் கணக்கில்தான்.

வேலைக்கான படிவத்தில், 'உங்கள் மீது வழக்கு உண்டா' என்ற கேள்விக்கு மகள் 'ஆம்' என்று எழுதினாள். கூடத் தேர்வானவர்கள் சேர்ந்து சம்பளம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இவள் வீட்டில் இருந்தாள். விசேஷ வீடுகளில் ஆளாளுக்கு என்னைக் கேள்வி கேட்டுத் துளைத்தார்கள். கடைசியில் பேங்கிலிருந்து அவளை நேரில் அழைத்து விசாரித்தார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். பத்து மாதம் தாமதமாக ஆர்டர் வந்தது.

எங்கள் பீரோவில் அவளுடைய பட்டச் சான்றிதழோடு அந்த எஃப்.ஐ.ஆர். நகலும் இருக்கிறது. அதை ஏன் வைத்திருக்கிறாய் என்று என் அண்ணன் இப்போதும் கடிந்துகொள்வார். ஓட்டுநர் என்ற இடத்தில் என் கணவர் பெயரை எழுதவைக்கப் பார்த்தவள் நான். அங்கே தன் பெயரைச் சொல்லி எழுதவைத்த பெண்ணைப் பெற்றவளும் நான்தான் என்பதை நினைக்கும்போது, பேங்க் வேலையைச் சொல்லிப் பெருமைப்பட்டதெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றுகிறது.