ஒன்பது சிம்பொனியும் ஒரு முகூர்த்தப் பட்டும்

என் வீட்டுக்காரர் பரசுராமனை ஆரணியில் ‘சிம்பொனிக்காரர்’ என்றால்தான் தெரியும். ‘நல்ல நெசவாளி’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தொண்ணூற்று நாலில் சென்னையில் ஒரு பெரிய வீட்டுக்குப் புடவை கொண்டுபோனவர், அங்கே ஓடிக்கொண்டிருந்த இசையில் மயங்கி, பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் கேசட்டாக வாங்கிவந்தார். நான் வாங்கிவரச் சொன்ன குக்கர் கேஸ்கட்டை மறந்துவிட்டார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. தறிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டர் ஏறியது, சினிமாப் பாட்டு இறங்கியது. பால்காரர் வந்து கூப்பிட்டால்கூட, “கொஞ்சம் இருப்பா, மூணாவது ஓடிகினு இருக்குது” என்பார். ஒன்பதில் கடைசி ஒன்றில்தான் மனுஷக் குரல் வரும். அதுவும் நமக்குப் புரியாத பாஷை. இவர் மட்டும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவார்.

“காது கேக்காம போயும் எழுதினாரு திலகா. மகான்!”

இவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். நான் சொன்னது ஒன்றாவது ஏறியிருக்கிறதா?

இரண்டாயிரத்து ஒன்றில் எங்கள் மகள் லாவண்யாவுக்குச் சந்தவாசல் ஹேமநாத்தைப் பேசினோம். இரண்டு பேரும் மனசார விரும்பிய சம்பந்தம். பையனின் அம்மா அபிதகுசாம்பாள்தான் அரை மனதாக இருந்தாள். அவர்களும் நெசவு வீடு. முகூர்த்தப் பட்டைப் பெண் வீட்டுத் தறியில் நெய்வது எங்கள் பக்கத்து வழக்கம்; மாப்பிள்ளை வீட்டார் வந்து தொட்டுப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். புடவை கோணலானால் அந்தம்மாளுக்குச் சாக்கு கிடைத்துவிடும். லாவண்யா சோறு இறங்காமல் கிடந்தாள்.

இவரோ, “நானே நெய்யறேன். ஒம்போது சிம்பொனியும் கேட்டு வளந்த புடவையா இருக்கணும்” என்று தறியில் இறங்கிவிட்டார்.

நான் அடுப்படியிலிருந்தே கவனித்தேன். ஐந்தாவது ஓடினால் குறுக்கே ஓட்டும் ஊடை இழையைப் பகையாளியை அடிப்பதுபோல அடிப்பார். மூன்றாவதில் இழவு வீட்டு நடையாய் ஒரு பகுதி வரும். அப்போது கை அப்படியே தூங்கும்.

“இன்னாங்க, பாட்டு போற பக்கமெல்லாம் கை போவுது. ஒரு இடம் இறுகுது, ஒரு இடம் இளவுது. அத்த நிறுத்துங்க.”

“உனுக்கு ரசனை கிடையாது. பேஜார் பண்ணாத போ.”

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மரியாதைக்காக ஆறாவதைப் போட்டுவிட்டார் இவர். அபிதகுசாம்பாள் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு பட்டை அட்டை மாதிரி, அடுத்த பட்டை கொசுவலை மாதிரி.

“யார் நெய்ஞ்சது?”

இவர் உத்தரத்தைப் பார்த்தார். “திலகாதாங்க. அவளுக்குக் கையில நெதானம் இல்லன்னு நான் அன்னிக்கே சொன்னேன்.”

அடப்பாவி மனுஷா!

“அம்மா கையே இப்படின்னா, பொண்ணு கை எப்படி இருக்கும்?” என்றாள் அபிதகுசாம்பாள். லாவண்யா முகம் செத்துவிட்டது.

நான் நேராகப் போய் டேப் ரெக்கார்டரை நிறுத்தினேன். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு தறிக்குழியில் இறங்கினேன். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் இன்னொரு புடவைக்கு நூல் இருந்தது. நாலு விரல் அகலம் நெய்தேன். ஊடை நூலைச் சுமந்த நாடா ஒரே சீராக இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடியது.

“வந்து தொட்டுப் பாருங்க சம்மந்தி.”

அந்தம்மாள் குனிந்து தொட்டாள். தடவினாள். பிறகு என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் கேசட் பெட்டியை அடுக்குவதில் மும்முரமாகிவிட்டார்.

“இதே கையில முடிச்சிடுங்க. ஒரு மாசத்துல முகூர்த்தம் வெச்சிக்கலாம்” என்றாள்.

முடித்தேன். கல்யாணத்தன்று மண்டபமே புடவையைப் பேசியது. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நான் நெய்ஞ்சதுதாங்க. ஏழாவது சிம்பொனி போட்டு நெய்ஞ்சேன், அதான் இந்த வழவழப்பு” என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கல்யாண வீடு, சண்டை வேண்டாம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மணையில் தலை குனிந்திருந்த லாவண்யா நிமிர்ந்தாள். “பொய் சொல்லாதப்பா. இது எங்கம்மா நெய்ஞ்சது.”

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மண்டபத்தில் அத்தனை கண்ணும் இவர் மேலேதான்.

இவர் மேளக்காரர் பக்கம் திரும்பி, “இன்னாய்யா நிறுத்திட்டீங்க? ஜல்தியா வாசிங்க!” என்றார். கேசட் வாங்கிய இந்த ஏழு வருஷத்தில் அவராக நாதஸ்வரம் கேட்டது அன்றைக்குத்தான்.