துரையின் மீனும் டீமேக்கர் ஐயாவும்

மேசையில் கிடந்த மீனின் வயிற்றை மீன் இலாகா அதிகாரி கீறியதும் தோட்டத்துத் துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிவப்பாக இருக்க வேண்டிய ஈரல் மஞ்சளாய் வீங்கி, கட்டி கட்டியாக இருந்தது. நான் பங்களா வாசலில் என் வீட்டுக்காரருக்குப் பின்னால் நின்றேன். அறுபதுகளில், இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. துரை ஆசையாய் வளர்த்த டிரவுட் மீன்களுக்குத் தீனி போடுவது என் வீட்டுக்காரர் வேலை. சில மாதங்களாகவே மீன்கள் மெலிந்து, கறுத்து, ஒவ்வொன்றாய்ச் செத்து மிதந்தன. இவர்தான் குளத்தில் பூச்சிமருந்தைக் கலந்துவிட்டார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. கணக்குத் தீர்க்கும் பத்துச்சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டால் வேலையோடு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவது?

“மருந்து இல்லை, தீனிதான் காரணம். பூஞ்சணம் புடிச்ச புண்ணாக்கு போட்டீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

அப்போதுதான் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா முன்னால் வந்தார். தேயிலை கொஞ்சம் கருகினாலும் ஆட்களை வறுத்தெடுத்துவிடும் மனிதர். அவரை யாரும் கூப்பிடவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவர், எங்களுக்கும் கேட்கட்டும் என்று தமிழிலேயே சொன்னார்.

“மழையில நனைஞ்ச கடலைப் புண்ணாக்குங்க, தொர. இவன் வீசத்தான் போனான். நாந்தான் தடுத்து, ட்ரையர்ல காய வச்சுக் குடுத்தேன். இவன் மேல குத்தம் இல்லீங்க.”

ஈரம் பட்ட எதையும் சூடு காட்டினால் சரியாகிவிடும் என்பது தேயிலைக்காரர்களின் நம்பிக்கை. அதிகாரி இல்லையென்று தலையை ஆட்டினார். “காய வச்சா பூஞ்சணம் சாகும். அது விட்டுட்டுப் போன நஞ்சு சாகாது.” இன்றைக்கும் பூஞ்சணம் பிடித்த கடலையை வறுத்தால் போதும் என்பாள் என் மருமகள். நான் பிடுங்கி வீசிவிடுவேன்.

எங்கள் வேலை தப்பியது. தேயிலை காயும் ட்ரையரில் புண்ணாக்கைப் போட்டதற்காக ஐயாவின் வேலை போயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

தோட்டத்தை விட்டுப் போகிற அன்று எங்கள் லயத்துக்கு வந்தார். உத்தியோகத்தர் யாரும் லயத்தில் கை நனைக்காத காலம். “டீ இருக்கா, புள்ள?” என்றார். எங்களுக்குக் கொடுக்கிற மட்டத் தூளில் பால் இல்லாமல் போட்ட சாயத்தைத்தான் கூச்சத்தோடு நீட்டினேன். நாளெல்லாம் நல்ல தேயிலையை ருசி பார்த்துத் துப்புகிற அந்த மனிதர், வாசற்படியில் உட்கார்ந்து, அதை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.